ரோசம்மாள் ஓட்டிய வண்டி

ரோசம்மாள் கோல்ஃப் பையைத் தலையில்தான் சுமப்பாள். தோளில் மாட்டிக்கொள்ளும்படி பலர் சொல்லிப் பார்த்தார்கள். அவளுக்கு அது ஒத்து வரவில்லை. தோள்வார் ஒரு பக்கமாக இழுத்தது, மட்டைகள் முழங்காலில் இடித்தன. பழந்துணியைச் சும்மாடு கோலித் தலையில் வைத்து, அதன்மேல் பையைக் குறுக்கே படுக்கவைத்துவிட்டால் இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடக்கலாம். தேர்வாய் கண்டிகையில் சிறு வயதிலிருந்து நெற்கட்டு சுமந்த தலை. அந்தப் பை அவளுக்கு ஒரு பாரமே இல்லை.

கும்மிடிப்பூண்டியில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்சாலைகள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. ரயில் பாதையைத் தாண்டி இருந்த கம்பி ஆலையில் முன்பு மேனேஜராக இருந்த வெள்ளைக்காரர் ஒருவர், ஏரிக்கரையை ஒட்டிய கட்டாந்தரையில் ஒன்பது குழி வெட்டி ஒரு கோல்ஃப் மைதானம் அமைத்திருந்தார். அந்த மண்ணில் நல்ல புல் வராது. அதனால் ஒவ்வொரு குழியைச் சுற்றியும் எண்ணெய் கலந்த மணலைப் பரப்பி வைத்திருந்தார்கள். அவர் சீமைக்குப் போன பிறகும் சுற்றுவட்டாரத் தொழிற்சாலை அதிகாரிகள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வந்து ஆடினார்கள். 'கேடி' என்ற பெயரில் ஆட்டக்காரர்களுக்குப் பை தூக்கிக்கொண்டிருந்த ஆண்கள் எல்லாம் ஷிப்டு வேலைக்குப் போய்விட்டார்கள். புதர் வெட்ட வந்த பெண்களில் ரோசம்மாளைப்போலச் சிலர் பை தூக்க ஆரம்பித்தார்கள். அவள் கணவன் மோசசும் கம்பி ஆலையில்தான் லோடு ஏற்றிக்கொண்டிருந்தான்.

அவள் வழக்கமாகப் பை தூக்கியது அந்த ஆலையின் ஒர்க்ஸ் மேனேஜர் ஆராவமுதனுக்கு. திருவள்ளூர்க்காரர். அவருடைய அண்ணா எம்பார் அப்போதும் வீரராகவப் பெருமாள் கோயிலில் கைங்கரியம் செய்துகொண்டிருந்தார். தம்பி இன்ஜினியரிங் படித்து இரும்போடு வாழ வந்துவிட்டார். ஆராவமுதன் சுமாராக ஆடுவார், ஆனால் நன்றாக நடப்பார். பந்தை அடித்துவிட்டு மட்டையை நீட்டுவார். ரோசம்மாள் வாங்கிப் பையில் போடுவாள். அதற்குள் அவர் பனைமர வரிசையை நோக்கிப் பாதி தூரம் போயிருப்பார். அவள் பத்தடி பின்னால் வருவாள். நாலைந்து வருஷப் பழக்கத்தில் அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் ஒரே பேச்சுத்தான்.

"எங்கம்மா விழுந்தது?"

"பனமரத்தாண்ட சார்."

எழுபத்து நாலாம் வருஷம் சித்திரை வெயிலில், ஆலையில் உருக்குச் சுருள்களைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தபோது ஆராவமுதன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மெட்ராசுக்குக் கொண்டுபோய்ப் பிழைக்கவைத்தார்கள். ஆடி மாதம் அவர் குவார்ட்டர்சுக்குத் திரும்பி வந்தபோது சட்டைக் கழுத்து இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்ந்திருந்தது.

"ஆடலாம். ஆனா மைதானம் முழுக்க நடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்று மனைவி அம்புஜவல்லி நினைவுபடுத்தினாள்.

"நடக்காம ஆடறதுக்குக் கேரம் போர்டு போதுமே" என்றார் அவர். பிறகு மாலை முழுவதும் ஜன்னலோரமாக உட்கார்ந்து ஏரிக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்புஜவல்லிக்குக் கோல்ஃப் என்றால் என்னவென்று தெரியாது. ஒரு தடவைகூட அந்த மைதானத்துக்குப் போனதில்லை. ஆனால் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. ஆலையின் எலக்ட்ரிகல் ஃபோர்மன் சின்னதுரையைக் கூப்பிட்டுப் பேசினாள். சுருள்களை ஷெட்டுக்கு ஷெட் இழுத்துப் போகும் பேட்டரி வண்டி ஒன்று பழசாகிக் காயலான் கொட்டகையில் கிடந்தது. சின்னதுரை அதற்கு வேறு பேட்டரி போட்டான். பஸ் சீட் ஒன்றை வெட்டிப் பொருத்தினான். மேலே நாலு கம்பி நட்டு கான்வாஸ் கட்டினான். மெஷினுக்கு அடித்து மீந்த பச்சை பெயின்ட்டை அடித்துக் கொண்டுவந்து நிறுத்தினான்.

ஆராவமுதன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"வாகனத்துல பெருமாள்தான் ஏறணும், நாம பின்னாடி நடக்கணும்னு எங்கப்பா சொல்வார்" என்றார்.

"உங்கப்பாக்கு மார்வலி வரல்லை" என்றாள் அம்புஜவல்லி.

முதல் ஞாயிற்றுக்கிழமை பை வண்டிக்குப் பின்னால் கட்டப்பட்டிருந்தது. ரோசம்மாளுக்குத் தலை காலியாக இருந்தது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. அவர் பந்தை அடித்தார், வண்டியில் ஏறினார், பெடலை மிதித்தார். வண்டி விர்ரென்று புறப்பட்டது. அவள் பின்னாலேயே நடந்தாள். பிறகு ஓடினாள். பந்து எங்கே விழுந்தது என்று காட்டவேண்டியவள் அவள்தானே. புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி, மூன்றாவது குழிக்கு வந்தபோது இடுப்பில் கைவைத்துக் குனிந்து நின்றுவிட்டாள்.

ஆராவமுதன் வண்டியை நிறுத்தினார். ஒரு பெண்பிள்ளையை நாய்மாதிரி வண்டிக்குப் பின்னால் ஓடவிட்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"ஏறி உக்காரும்மா."

"வேணாம் சார். நான் வந்துருவேன்."

"எவ்வளவு தூரம் ஓடுவே?"

அவள் சீட்டைப் பார்த்தாள். அது ஒரே சீட்டு. அவர் ஓரமாக ஒதுங்கினாலும் ஒரு சாண் இடைவெளிதான் கிடைக்கும். கிளப் கொட்டகையில் நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பின்னாடி நின்னுகினு வரேன் சார்" என்றாள்.

வண்டியின் பின்புறம் பை கட்டியிருந்த இடத்தில் ஒரு இரும்புப் படி இருந்தது. அதில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். குப்பை லாரியில் நிற்பதுபோல நிற்கிறாளே என்று அவருக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் அதற்குமேல் வற்புறுத்தவும் கூச்சமாக இருந்தது. சில வாரங்கள் அப்படியே ஓடின.

ஆவணியில் ஒரு மழைக்குப் பிறகு, ஏரியிலிருந்து வரும் கால்வாய்க் கரை கரைந்து போயிருந்தது அவருக்குத் தெரியவில்லை. வண்டி ஒரு பக்கமாகக் குதித்தது. பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினால் ரோசம்மாள் தரையில் கிடந்தாள். இடது மணிக்கட்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது.

"ஒண்ணியும் இல்ல சார், ஒண்ணியும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

அவர் அவளைக் கைத்தாங்கலாக எழுப்பி முன்சீட்டில் உட்காரவைத்தார். வண்டியைத் திருப்பி நேராக ஆலை மருத்துவ அறைக்கு ஓட்டினார். ஷிப்டு மாறும் நேரம். கேட்டில் உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களுமாகக் கூட்டம். பச்சை வண்டி அவர்களைப் பிளந்துகொண்டு போயிற்று. ஒர்க்ஸ் மேனேஜர் ஓட்டுகிறார், பக்கத்தில் ரோசம்மாள் கையை மடியில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள். கூட்டத்தில் மோசசும் இருந்தான். அவன் வண்டிக்குப் பின்னாலேயே ஓடினான்.

எலும்பில் கீறல். மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

கட்டுப் பிரிப்பதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது. "உன் ஊட்டுக்காரிக்கு இன்னாபா, மேனேஜர் பக்கத்துல ஊர்கோலம்" என்று ஷெட்டில் எவனோ சொன்னான். இன்னொருவன் சிரித்தான். மோசஸ் சண்டை போடுகிற ஆள் இல்லை. சாப்பாட்டுத் தூக்கை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தான்.

"இன்னாயா, சாப்புடலியா?"

"பசிக்கல." தூக்கை மூலையில் வைத்துவிட்டு, "நீ அங்க போவாத ரோசா" என்றான்.

"நான் இன்னா தப்பு பண்ணேன்?"

"தப்புன்னு யார் சொன்னா? பேஜாரா கீது. போவாத."

கட்டுப் பிரித்த பிறகும் அவள் போகவில்லை. போகாததில் அவளுக்கு வருத்தம் இருந்தது. அது கூலி போனதற்கு மட்டுமல்ல. அந்த விடிகாலை நடை, பனைமரத்துக்கு மேலே பருந்து சுற்றுவது, ஏரிக்காற்று, ஒருத்தரும் "இதைச் செய், அதைச் செய்" என்று கத்தாத அந்த நேரம், இதெல்லாம் அவளுக்கு அங்கே மட்டும்தான் கிடைத்தது.

ஆராவமுதன் ரெண்டு ஞாயிறு காத்திருந்தார். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கிளப் செக்ரடரி துளசிராமன் ஏற்கனவே ஒருநாள் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருந்தார். துளசிராமன் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் பர்ச்சேஸ் ஆபீசர். "நான் எனக்காகச் சொல்லல சார். நாலு பேர் வந்துபோற இடம். கேடின்னா நடக்கறதுதான் வழக்கம்" என்றார். சொல்லிவிட்டு அவரே சங்கடப்பட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

மூன்றாவது ஞாயிறு ஆராவமுதன் வண்டியை எடுக்கவில்லை. பை தூக்க வேறு ஒருவரையும் அழைக்கவும் இல்லை. நாலு மட்டையை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு, பழையபடி நடந்தே ஆடினார். பனைமர வரிசை வரைக்கும் ரொம்ப சந்தோஷமாக இருந்தது. ஏரிக்கரை மேட்டில் ஏறும்போது மூச்சு நின்றதுபோலாகி உட்கார்ந்தார். வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, மட்டைகளை அங்கேயே போட்டுவிட்டுத் தள்ளாடி வீடு வந்து சேர்ந்தார்.

மறுநாள் மாலை, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த காலனியில் கம்பெனி ஜீப் வந்து நின்றது. அம்புஜவல்லி இறங்கினாள். மடிசார் இல்லை, சாதாரணச் சின்னாளப்பட்டுப் புடவை. ரோசம்மாளின் வீடு எது என்று விசாரித்துக்கொண்டு வந்தாள். மோசஸ் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்கிவந்து வாசலில் போட்டான். தண்ணீர் கொடுக்கலாமா கூடாதா என்று ரோசம்மாள் தவித்தாள். அம்புஜவல்லி கேட்கவும் இல்லை.

"கை எப்படி இருக்கு?" என்று அம்புஜவல்லிதான் ஆரம்பித்தாள்.

"தேவல மா."

"நேத்திக்கு எங்காத்துக்காரர் தனியாப் போய் நடந்து ஆடிட்டு வந்தார். முகமெல்லாம் சாம்பலாப் போயிருந்தது. என்கிட்ட ஒண்ணும் சொல்லல்லை. சட்டையைப் பிழிஞ்சா தண்ணி கொட்டும், அப்படி வேர்த்திருக்கு." நாற்காலியை ரோசம்மாள் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். "நீ வந்தாத்தான் அவர் வண்டியில ஏறுவார் போலிருக்கு. நீ வரணும்."

ரோசம்மாள் கணவனைப் பார்த்தாள். மோசஸ் தரையைப் பார்த்தபடி சொன்னான். "எனக்கும் சார் மேல மரியாத கீது மா. ஆனா ஷெட்டுல ஒரு மாதிரி பேசறானுங்க. எப்டி மா நான் தல நிமிந்து வேல செய்றது?"

"என்கிட்டேயும்தான் சொன்னா" என்றாள் அம்புஜவல்லி.

மோசஸ் நிமிர்ந்தான்.

"குவார்ட்டர்ஸ்ல எல்லாரும் சொன்னா. யாரோ ஒரு பொம்மனாட்டியைப் பக்கத்துல வச்சுண்டு போறார், உனக்குத் தெரியுமான்னு. கையொடிஞ்சவளை வேற எப்படிக் கூட்டிண்டு போறதுன்னு கேட்டேன். வாயை மூடிண்டா. ஆனா அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல்லை. பொய் சொல்லுவானேன்."

இதை அவள் சொல்லியிருக்கவேண்டியதில்லை. சொன்னதும் மோசசுக்கு அந்த அம்மாளின்மேல் ஒரு இரக்கம் வந்தது. இரண்டு பேருக்கும் ஒரே அவமானம், ஒரே மாதிரி விழுங்கியிருக்கிறார்கள். அவன் காதைச் சொறிந்துகொண்டு யோசித்தான்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா? லாரில டிரைவர் பக்கத்துல ஆபீசருங்க உக்காந்துகினு போறாங்கோ. எவனாவது ஒரு பேச்சு பேசறானா? பேசமாட்டான். ஏன்னா அவன் டிரைவரு. ரோசா ஓட்டட்டும். சாரு பக்கத்துல உக்காரட்டும்."

"நானா?" என்று ரோசம்மாள் அலறினாள். "எனக்கு சைக்கிளே வராதுயா!"

அம்புஜவல்லி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் ரோசம்மாளுக்கும் சிரிப்பு வந்தது.

சின்னதுரைதான் ஓட்டக் கற்றுக்கொடுத்தான். வலது பெடல் போவதற்கு, இடது பெடல் நிறுத்துவதற்கு, அவ்வளவுதான். ஆனால் ரோசம்மாள் பயந்தால் இரண்டையும் சேர்த்து மிதித்தாள். முதல் நாள் வண்டி ஒரு பனைமரத்தில் முட்டியது. இரண்டாம் நாள் மணல் குழிக்குள் இறங்கி நின்றது. "யக்கா, வண்டி மாடு இல்ல. 'ஹை ஹை'ன்னு சத்தம் போடாத, அதுக்குக் காது கேக்காது" என்றான் சின்னதுரை. ஒரு வாரத்தில் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. பிடிபட்ட அன்று, சின்னதுரை போனபிறகும் தனியாக மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். காற்று முகத்தில் அடித்தது. கழுத்தில் பாரம் இல்லாமல், காலில் வலி இல்லாமல் அந்தத் தூரம் முழுவதும் தன்னால் போகமுடிகிறது என்பது அவளுக்கே நம்பமுடியாததாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராவமுதன் வந்தார். டிரைவர் சீட்டில் ரோசம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவர் ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு பையைத் தூக்கிச் சீட்டின் நடுவில் நிறுத்திவைத்து, மறுபக்கம் ஏறி உட்கார்ந்தார். கல்யாண வீட்டில் இரண்டு சம்பந்திகளுக்கு நடுவே உட்கார்ந்த குழந்தைபோல அந்தப் பை நின்றது.

துளசிராமன் கொட்டகையிலிருந்து இறங்கி வந்தார். "சார், கேடி வண்டியில..."

"இவங்க கேடி இல்லை. டிரைவர்" என்றார் ஆராவமுதன்.

துளசிராமன் பையைப் பார்த்தார், ரோசம்மாளைப் பார்த்தார். அவருக்கும் இதிலிருந்து வெளியேற ஒரு வழி தேவையாக இருந்தது. "அப்ப சரி" என்று போய்விட்டார்.

அன்று முழுக்க இரண்டு பேரும் நேராகவே பார்த்துக்கொண்டு போனார்கள். அடுத்த வாரமும் அப்படித்தான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு எத்தனை நேரம்தான் பேசாமல் இருக்கமுடியும்? ஒருநாள் அவர், "ஆத்துல என்ன சமையல்?" என்று சும்மா கேட்டுவைத்தார்.

"நண்டு சார். பயவேர்க்காட்டுல இருந்து எங்க அண்ணன் எத்துகினு வந்தாரு."

"ஓ."

"சொல்லக்கூடாதா சார்?"

"கேட்டது நான்தானே. சொல்லு, அதை எப்படிப் பண்ணுவா?"

அவள் சொன்னாள். ஓட்டை உடைப்பது, மிளகு அரைப்பது, புளி எவ்வளவு என்பதெல்லாம். அவர் மூக்கைச் சுருக்கிக்கொண்டே கடைசிவரை கேட்டார். அதற்குப் பிறகு பேச்சு தானாக வந்தது. மகள் விக்டோரியாவுக்கு நர்ஸ் படிப்பில் ஆசை இருந்தது. அவருடைய அண்ணாவுக்குத் கோயில் கைங்கரியத்தை விட்டுப்போன தம்பிமேல் இன்னும் கோபம் இருந்தது. தை அமாவாசைக்குத் திருவள்ளூர்க் குளத்தில் கூடும் கூட்டத்தைப் பற்றிப் பேசினார்கள். பையை எப்போது பின்னால் மாற்றினார்கள் என்று இருவருக்கும் நினைவில்லை. நடுவில் இருந்தவரை, திருப்பங்களில் அது ரோசம்மாளின் முழங்கையில் இடித்துக்கொண்டே இருந்தது.

ஆனால் நடக்கும் ஆசை அவரை விட்டபாடில்லை. குளிர்காலம் வந்ததும், பனைமர வரிசையை நெருங்கினால், "இங்க நிறுத்து" என்பார். நிழல் இருக்கும் இடத்தில் மட்டும் இறங்கி நடப்பார். ரோசம்மாள் அவர் நடைக்கு ஏற்றாற்போல் வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டு பின்னால் வருவாள். மேனேஜர் நடக்க, பை தூக்கும் பெண் வண்டியில் வருவதைப் பார்த்துக் கொட்டகையில் சிரித்தார்கள்.

"சிரிக்கறாங்க சார்."

"எனக்கும் சிரிப்பாத்தான் இருக்கு" என்றார் அவர்.

முகத்தில் வேர்வை கண்டால் அவள் வண்டியை அவர் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடுவாள். அவரும் மறுக்காமல் ஏறிக்கொள்வார். டாக்டர் பரிசோதித்துவிட்டு, "இப்படியே கொஞ்சம் கொஞ்சமா நடங்க" என்றார். ஷெட்டிலும் பேச்சு ஓய்ந்தது. மோசசிடம், "உன் ஊட்டுக்காரி நல்லா ஓட்டுதுபா" என்று ஒருவன் சொன்னான். அன்று தூக்கு காலியாகத் திரும்பி வந்தது.

எழுபத்தேழில் ஆராவமுதன் ஓய்வுபெற்றார். கோப்பை ஒன்றுகூட ஜெயித்ததில்லை. திருவள்ளூருக்கே குடிபோவதாக முடிவாயிற்று. அதற்கு முன்பே சுருள் ஷெட்டில் பேட்டரி வண்டி ஓட்டுவதற்கு ரோசம்மாளை எடுத்துக்கொண்டார்கள். பொம்பளைக்கு எதற்கு வண்டி என்று சிலர் முணுமுணுத்தார்கள். அவளோடு வேலை செய்து பார்த்தபின் அதுவும் நின்றது.

கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்த பிறகு அவர் ஒரு பந்தைத் தரையில் வைத்து மட்டையை அவளிடம் நீட்டினார்.

"ஒண்ணு அடிச்சுப் பாரு."

"ஐயோ, வேணாம் சார்."

"யாரும் பார்க்கல்லை. அடி."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். முதல் வீச்சில் மண்தான் கிளம்பியது. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. அவள் வெட்கத்தோடு சிரித்தாள். மட்டையை இறுக்கிப் பிடித்து மறுபடி ஓங்கினாள். இந்தத் தடவை கையில் ஒரு அதிர்வுகூட இல்லாமல் 'டக்'கென்று ஒரு சத்தம் கேட்டது. பந்து எழும்பி, பனைமரங்களுக்கு மேலே போய், வெயிலில் மின்னி, ஏரித் தண்ணீரில் விழுந்தது.

ரோசம்மாள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். இத்தனை வருஷம் இந்தப் பெரிய மனிதர்கள் வெயிலில் எதற்காக அலைகிறார்கள் என்று அவளுக்கு விளங்கியதில்லை.

"போச்சு, ஒரு பந்து" என்றார் ஆராவமுதன்.

"இன்னொண்ணு வையுங்க சார்" என்றாள் ரோசம்மாள்.